ஊமைக் கட்டி

ஊமைக் கட்டிக்கு வாசனை வந்திருந்தது.

வரக் கூடாது. வாசனை எண்ணெய் ஒரு சொட்டுகூடச் சேர்க்காமல், வெறும் மெழுகை மட்டும் உருக்கி ஊற்றி, ஒவ்வொரு தட்டிலும் ஓரமாக அவள் வைக்கிற கட்டி அது. மற்ற கட்டிகள் எந்த அளவுக்கு மணம் பிடித்திருக்கின்றன என்று பார்க்க, மணமே இல்லாத ஒன்று பக்கத்தில் இருந்தாக வேண்டும். பேசாமல் கிடப்பதுதான் அதன் வேலை என்பதால் ஊமை என்று பெயர் வைத்திருந்தாள். மத்தியானம் சமையலறை மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, காலித் தட்டில் அது மட்டும் தனியாகக் கிடப்பதைப் பார்த்து, பழக்கதோஷத்தில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த வாசனை அவளுக்கு நன்றாகத் தெரியும். வெயிலில் கிடந்த காகிதத்தின் சூடு, அதற்குள் லேசாகப் புளித்த பால், காது மடலுக்குப் பின்னால் இருந்து வருகிற ஒரு இனிப்பு. வாண்டின் உச்சந்தலை. ஏழு வயது மகளுக்கு வீட்டில் அதுதான் பெயர். பள்ளிக்கூடத்துப் பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி. “அட வாண்டே, நீ எப்படி இதுக்குள்ள வந்தே?” என்று கட்டியைப் பார்த்து வாய்விட்டே கேட்டாள். கேட்டுவிட்டு இன்னொரு முறை முகர்ந்தாள். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

வாசனைக் கட்டியைத் திரியில்லாத மெழுகுவர்த்தி என்று வைத்துக்கொள்ளலாம். பீங்கான் கிண்ணத்தில் கட்டியைப் போட்டு, கீழே சின்ன பல்பை எரியவிட்டால் அது உருகும், வீடு மணக்கும். மெழுகு எங்கும் போகாது. வாசனைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் கிண்ணத்தில் நிற்பது வெறும் மெழுகு. அதை எத்தனை முறை சூடாக்கினாலும் போன வாசனை திரும்பி வராது. வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் அவள் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

வாண்டு தவழ ஆரம்பித்த காலத்தில், வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அவள் தொடங்கிய தொழில் இது. இப்போது சமையலறை முழுக்க அச்சுகளும் வெப்பமானிகளும் எண்ணெய்ப் புட்டிகளும்தான். சமையலுக்கு ஒரு அடுப்பு மிஞ்சியதே பெரிய விஷயம். இந்தத் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. லாவெண்டரும் வெனிலாவுமாக நான்கைந்து எண்ணெயை முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும், அதன் பிறகு எதைக் கொடுத்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். மற்றவர்கள் காப்பிக்கொட்டையை முகர்ந்து மூக்கைத் தெளியவைப்பார்கள். அவள் வாண்டைக் கூப்பிட்டு, உச்சந்தலையில் மூக்கை அழுத்தி ஒரு இழுப்பு இழுப்பாள். அந்த ஒரு மூச்சில் மூக்கு துடைத்துவிட்டதுபோல ஆகிவிடும்.

“என்னை விடும்மா. நான் என்ன காப்பிக்கொட்டையா?” என்று வாண்டு நெளியும். நெளிந்தாலும் தலையை எடுக்காது.

கணவன் வெளியூரில் பாலம் கட்டுகிற இடத்தில் வேலை பார்த்தான், விடுமுறைக்குத்தான் வருவான். எப்போதோ நடந்த அறுவை சிகிச்சையில் அவன் மூக்கு வாசனையைக் கைகழுவிவிட்டது. “உனக்கு மூக்கு பொழைப்புக்கு, எனக்கு மூக்கு கண்ணாடி மாட்டறதுக்கு” என்பான். ஒருமுறை ரோஜாக் கட்டிகளை மூடாமல் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். பக்கத்தில் இருப்பதைக் குடித்துவிடுவது மெழுகின் குணம். அத்தனையும் வீணாகி அவள் அழாத குறையாக உட்கார்ந்திருந்தபோது, “ரோஜா வெங்காயம்னு புதுசா பேர் வெச்சு வித்துடேன்” என்று அவன் சொன்னதை வாண்டு இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

அந்தக் குணம் தெரிந்தவள்தான். தெரிந்திருந்துதான் அந்தத் தட்டை அங்கே கொண்டுபோய் வைத்தாள்.

கடிகாரம் பழுதுபார்க்கிறவர் ஒருவர் அவளைத் தேடி வந்தார். மெலிந்த ஆள், சட்டைப்பையில் பூதக்கண்ணாடி. மார்போடு அணைத்துப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பைக்குள் ஒரு தலையணை உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் மகளுடையது. ஒன்பது வயது. நீண்ட நாள் காய்ச்சலில் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

“இதுல அவ வாசனை இன்னும் கொஞ்சம் இருக்குதும்மா. தெறந்தா போயிடுமேன்னு தெறக்கறதே இல்ல. தெறக்காம வெச்சிருந்து மட்டும் என்ன ஆகப்போகுது? உங்களால இத மெழுகுல எடுத்துக் குடுக்க முடியுமா?”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அவர் மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பென்சிலை ஊசிபோலச் சீவிவிட்டு, சீவலை உள்ளங்கையில் வைத்து முகர்ந்துகொண்டிருப்பாளாம். அவர் வேலை செய்கிற மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, ஏதாவது ஒரு கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டால்தான் தூக்கம் வருமாம். கடைசி நாட்களில் மட்டும் இருட்டு பிடிக்கவில்லையாம். விளக்கை அணைக்காதீங்க, விளக்கை அணைக்காதீங்க என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம். கேட்டு முடித்ததும் அவள் கையை நீட்டினாள். பையை வாங்கிக்கொண்டாள்.

மெழுகைக் கொஞ்சமாகச் சூடாக்கி, இளக்கமாக இரண்டு தட்டுகளில் பரப்பி, நடுவில் அந்த உறையை வைத்து அழுத்தி மூடினாள். சில நாள் ஊறவிட்டுச் சுரண்டியெடுத்து, சூடு ஏறாமல் பார்த்துப் பார்த்து உருக்கி அச்சில் வார்த்தாள். வார்த்ததும் முகர்ந்தாள். வந்தது. பென்சில் சீவல். காயாத துண்டு. அடியில், எங்கோ ஆழத்தில், காய்ச்சல் அடிக்கிற உடம்பின் உஷ்ணம். தன் கைவேலையை நினைத்துப் பெருமையாக இருந்தது. கூடவே ஊமைக் கட்டி ஒன்றையும் வழக்கம்போல வார்த்து ஓரத்தில் வைத்தாள்.

வார்த்த கட்டியைக் கொஞ்ச நாள் திறந்தபடி ஆறவிட வேண்டும். சமையலறையில் வைத்தால் லாவெண்டரைக் குடித்துவிடும். கூடத்தில் அட்டைப்பெட்டிகள். வீட்டிலேயே வாசனை நுழையாத இடம் ஒன்றுதான் இருந்தது. சின்னக் குழந்தை தூங்குகிற இடத்தில் எண்ணெய் நெடி வேண்டாம் என்று அவளே கண்டிப்பாக வைத்திருந்த அறை. வாண்டின் அறை. கட்டிலுக்கு மேலே இருந்த அலமாரித் தட்டில், தலைமாட்டுக்கு நேராக வைத்தாள்.

மறுநாளே அவளுக்குச் சளி பிடித்துக்கொண்டது. மூக்கு அடைத்துப்போய், பாலும் தண்ணீரும் ஒன்றாகி, ஒரு வாரத்துக்கு உலகமே கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தது. அந்த நாட்களில்தான் வாண்டு இரவில் விளக்கு கேட்டது. பிறந்ததிலிருந்து இருட்டில் தூங்கிப் பழகிய பிள்ளை. காரணம் கேட்கத் தெம்பில்லாமல், பரணில் கிடந்த பழைய குண்டு பல்பு விளக்கை எடுத்து, அந்த அலமாரியிலேயே கீழ்த்தட்டில் வைத்துப் போட்டுவிட்டாள். விளக்கு ராத்திரி முழுக்க எரிந்தது. அதன் சூடு ராத்திரி முழுக்க மேலே ஏறியது. மெழுகுக்காரிக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இன்று காலையில் கடிகாரக்காரர் வந்து நின்றார், சொன்ன நாளுக்கு முன்னாலேயே. அப்போதுதான் மூக்கு லேசாகத் திறந்திருந்தது. வாண்டின் அறையிலிருந்து தட்டை எடுத்துவந்து, ஒரு கட்டியை முகர்ந்து பார்த்தாள். குழந்தை வாசனை. மனசுக்கு நெருக்கமாக, வாரி அணைத்துக்கொள்ளலாம்போல இருந்தது. சரிதான் என்று நினைத்தாள். பெற்றவளுக்கு எந்தக் குழந்தையின் வாசனையும் அப்படித்தானே இருக்கும் என்றுகூட நினைத்தாள். காகிதத்தில் சுற்றி, பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது மத்தியானம். மூக்கு முழுசாகத் திறந்துவிட்டது. கையில் ஊமைக் கட்டி. அதற்குள் வாண்டு.

அப்படியென்றால் காலையில் கொடுத்தனுப்பியவற்றுக்குள்?

சரி, தலைமாட்டில் ஒரு வாரம் இருந்தது, பிள்ளையின் வாசனையைக் குடித்துவிட்டது, வெங்காயம் மாதிரிதான், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடி செய்துகொடுத்தால் ஆயிற்று. ஆனால் அந்தப் பெண்ணின் வாசனை கட்டியில் இல்லை. அது எங்கே போனது என்கிற கேள்வி வந்ததும், துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பள்ளி வேன் வருகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். குளிர்சாதனப் பெட்டி உறுமி ஓய்ந்தது. குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று விட்டுவிட்டார்கள். வேனின் ஹாரன் கேட்டதும் எழுந்து வாசலுக்கு ஓடினாள், என்றைக்கும் இல்லாத அவசரத்தில்.

வாண்டு வந்தது. நடையில் ஷூவைக் கழற்றி, இரண்டையும் ஜோடியாகச் சேர்த்து, சுவரோரம் வைத்தது. ஷூவைக் காலால் உதறி மூலைக்கொன்றாக எறிகிற பிள்ளை. அவள் மண்டியிட்டு, அந்தத் தலையை இழுத்து, உச்சியில் மூக்கை வைத்தாள்.

பென்சில் சீவல்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பென்சில் வாசனை வராமல் பூ வாசனையா வரும் என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. இன்னும் ஆழமாக இழுத்தாள். காயாத துண்டு. அதற்கும் அடியில் அந்த உஷ்ணம். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நெற்றி சில்லென்று இருந்தது.

பிள்ளை நெளியவில்லை. காப்பிக்கொட்டையா என்று கேட்கவில்லை. தலையைக் கொடுத்துவிட்டு, அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தது.

“என்னடா, டயர்டா இருக்கா?”

“இல்ல.”

“ஸ்கூல்ல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்ல.”

கண் அதே கண். இடது புருவத்துக்கு மேலே, ஊஞ்சலில் இடித்துக்கொண்ட தழும்பு அதே இடத்தில். விழுந்த முன்பல்லின் ஓட்டை. எதைப் பார்த்தாலும் வாண்டுதான். கண்ணை மூடினால் மட்டும் வேறு யாரோ எதிரில் நின்றுகொண்டிருந்தார்கள்.

குளியலறைக்கு அழைத்துப்போய், தலைக்கு ஊற்றி, நுரை பொங்கப் பொங்க இரண்டு தடவை தேய்த்தாள். தேய்த்த வேகத்தில் ஷாம்பு கண்ணில் பட்டிருக்கும். பட்டால் வீட்டையே ரெண்டாக்கும் வாண்டு. சத்தம் வரவில்லை. துவட்டிவிட்டு, ஷாம்பு நெடி அடங்கும் வரை காத்திருந்து, மறுபடி குனிந்தாள். ஈரமுடிக்கு அடியிலிருந்து, நிதானமாக, சீவலும் துண்டும் காய்ச்சலும் மேலே வந்தன.

 வாண்டின் அறைக்குப் போய், தலையணையை முகர்ந்தாள், போர்வையை முகர்ந்தாள். சளி குறையத் தொடங்கியதும் முந்தின நாள்தான் வீட்டிலிருந்த துணி அத்தனையையும் ஊறவைத்துத் துவைத்துப் போட்டிருந்தாள். தன் சுத்தத்தைத் தானே சபித்தாள். கரடி பொம்மையில் பஞ்சு நாற்றம். பழைய ஸ்வெட்டரில் பீரோ நாற்றம். அவள் மகளின் வாசனை அந்த வீட்டில் எந்தத் துணியிலும் இல்லை. சமையலறை மேடையில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு மெழுகுக் கட்டியில் மட்டும் இருந்தது.

கணவனைப் போனில் கூப்பிட்டாள்.

“என்னங்க, வாண்டு மேல வேற வாசனை வருது.”

“சோப்பு மாத்தினியா?”

“சோப்பு இல்லைங்க. அவ வாசனையே இல்ல. வேற பிள்ளை வாசனை.”

“ஸ்கூல்ல எவளாச்சும் மேல விழுந்து பொரண்டிருப்பா. நீ நாள் பூரா அந்த எண்ணெயை மோந்து மோந்து மூக்கைக் கெடுத்துக்கிட்டே. சரி, அவகிட்ட குடு.”

கொடுத்தாள். பிள்ளை பேசியது. சாப்பிட்டேன், எழுதிட்டேன், ஆமா, சரி. திரும்ப வாங்கியபோது அவன் குரலில் சிரிப்பு இருந்தது.

“நல்லாத்தானே பேசறா?”

“பேசுது. அவள மாதிரியேதான் பேசுது.”

“பேசுதா? பெத்த பிள்ளையப் போய் அது இதுன்னு... உனக்கு என்ன ஆச்சு? போய்க் கொஞ்ச நேரம் படு.”

அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்வது. மூக்கில்லாத மனிதனுக்கு எதைக் காட்டி நம்பவைப்பாள்? யாருக்குத்தான் காட்ட முடியும்? டாக்டரிடம் போய், இந்தப் பிள்ளையின் உச்சந்தலை என் பிள்ளையின் உச்சந்தலை இல்லை என்றா சொல்வது?

கூடத்துக்கு வந்தாள். பொழுது சாய்ந்துவிட்டது, ஜன்னல் வெளிச்சம் தரையில் நீளமாகக் கிடந்து மங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. ஒரு கையில் பென்சில், ஊசிபோலச் சீவியது. இன்னொரு கையில், மெழுகு ஊற்றும்போது நேரம் பார்க்க அவள் வைத்திருக்கிற சின்னக் கடிகாரம். அதைக் காதோடு ஒட்டவைத்து, கண்ணை மூடியிருந்தது.

கடிகாரக்காரர் தன் மகளைப் பற்றிச் சொன்ன எதையும் அவள் வாண்டிடம் சொன்னதில்லை.

பயம் அப்போதுதான் முழுசாக வந்தது. அதுவரைக்கும் சந்தேகம், குழப்பம், தன் மூக்கின் மேலேயே அவநம்பிக்கை. இப்போது பயம்.  பின்னாலேயே நகர்ந்து, கதவைத் திறந்து, வெளிப்படியில் போய் நின்றுகொண்டு கடிகாரக்காரரின் எண்ணைத் தட்டினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்.

“ஐயா, அந்தக் கட்டிங்க. அதைப் போடாதீங்க. தயவுசெஞ்சு கிண்ணத்துல போடாதீங்க.”



“காலைலயே போட்டுட்டேம்மா.”

“எத்தனை?”

“எல்லாம். வந்ததும் ஒண்ணு போட்டேன். அவ வாசனை இல்ல அது. வேற ஏதோ குழந்தை. தப்பா குடுத்துட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் நிறுத்த மனசு வரலம்மா. வீட்டுக்குள்ள ஒரு பிள்ளை ஓடி வெளையாடற மாதிரி இருந்துச்சு. எத்தனை வருஷமாச்சு. ஒண்ணு தீர ஒண்ணு போட்டுக்கிட்டே இருந்தேன். என்னை மன்னிச்சிருங்க.”

“அணைச்சிடுங்க. இப்பவே அணைச்சிடுங்க ஐயா!”

“அணைக்க ஒண்ணும் இல்லியேம்மா. வாசனை போயிடுச்சு. மத்தியானமே போயிடுச்சு. இப்ப வெறும் மெழுகுதான் நிக்குது.”

போன் கையிலேயே இருந்தது. அவர் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கேட்கவில்லை.

ஊமைக் கட்டி இருக்கிறது. அது ஒன்று போதும். அதை மூடிவைக்க வேண்டும். இறுக்கமான டப்பாவில், குளிர்ந்த இடத்தில், வெளிச்சமே படாமல். மெழுகுக்குள் போனதை மெழுகிலிருந்து திரும்ப எடுக்க வழி இல்லாமலா போகும்? துணியிலிருந்து மெழுகுக்கு எடுத்தவள் அவள். மெழுகிலிருந்து துணிக்கு, துணியிலிருந்து தலைக்கு. எப்படியாவது. எப்படியாவது செய்வாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

வாசனை வந்தது.

வெயிலில் கிடந்த காகிதம். புளித்த பால். காதுக்குப் பின்னால் இருந்து அந்த இனிப்பு. நடை முழுக்க, கூடம் முழுக்க, ஒரு வாரமாக வீட்டில் இல்லாத அளவுக்கு. வாண்டு! வாண்டு வந்துவிட்டது. எல்லாம் சளியில் கெட்டுப்போன மூக்கின் வேலை, தலையில் அடித்துக்கொள்ள வேண்டும், ராத்திரி அவனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். அழுகையும் சிரிப்புமாக, கையை விரித்துக்கொண்டு, வாசனை வந்த பக்கம் ஓடினாள்.

சமையலறை.

பல்பு எரிந்துகொண்டிருந்தது.

பீங்கான் கிண்ணத்தில் மெழுகு. தண்ணீரைப்போலத் தெளிந்து, உருகி. மேடையில் காலித் தட்டு. ஸ்டூலைப் போட்டு ஏறியிருந்த பிள்ளை, சுவிட்சிலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை. மஞ்சள் வெளிச்சம் கீழேயிருந்து முகத்தில் விழுந்தது.

“அணைக்காதீங்க,” என்றது மெதுவாக. பிறகு கிண்ணத்தின் மேல் குனிந்து, முகர்ந்தது. முகம் மலர்ந்தது. “நல்லா இருக்கு. இது யாரோட வாசனை ஆன்ட்டி?”

அவள் சுவிட்சை அடித்தாள். பல்பு அணைந்தது. அணைந்தும் என்ன. சூடான மெழுகு. வாசனை போய்க்கொண்டே இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. ஓடிப்போய் அறைந்து சாத்தினாள். கதவை. காற்றுப்போக்கியின் ஓட்டையைத் துணியால் அடைத்தாள். திரும்பி வருவதற்குள் வாசனை மெலிந்திருந்தது. முதலில் பால் போய்விட்டது. காகிதத்தின் சூடும் போகப் போகிறது. மூடி. மூடி எங்கே? எந்த டப்பாவுக்கும் மூடி கிடைக்கவில்லை. டப்பாக்கள் உருண்டு விழுந்தன.

கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். சுட்டது. விடவில்லை.

நெஞ்சில் இருந்த காற்று அத்தனையையும் முதலில் வெளியே விட்டாள். ஒரு துளி மிச்சமில்லாமல். பிறகு குனிந்து, மெழுகின் மேல் மூக்கை வைத்து, இழுத்தாள். மெதுவாக. நீளமாக. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்களே, அன்றைக்கு வந்தது. முதல் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே ஓடிவந்து மேலே விழுந்தபோது வந்தது. காப்பிக்கொட்டையா என்று நெளிந்தபோதெல்லாம் வந்தது. ஒன்றையும் விடவில்லை. விலா வலித்தது. இன்னும் இழுத்தாள். கிண்ணத்தில் எதுவும் இல்லாமல் போகிற வரைக்கும்.

இப்போது அது வெறும் மெழுகு. ஓரத்திலிருந்து வெள்ளையாக உறைய ஆரம்பித்தது.

நிமிர்ந்தாள். வாயை இறுக மூடினாள். சுட்டுச் சிவந்த விரல்களால் மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே இருக்கிறாள். உள்ளேதான் இருக்கிறாள்.

காது அடைத்தது. கழுத்து நரம்பு துடித்தது. கண்ணோரம் கறுத்துக்கொண்டு வந்தது. விடக் கூடாது.

விடக் கூடாது.

ஸ்டூலிலிருந்து இறங்கிய பிள்ளை, சின்னக் கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்று, அவளையே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.